எந்தப் பூனை என்று சொல்ல முடியாது

எங்கள் கடைக்கு மேல்மாடியில் எங்களிடமே வாடகைக்குக் குடியிருந்த அந்த அம்மாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோர்ட்டு வராந்தாக்களில் பலமுறை உரக்கக் கூப்பிடப்பட்ட பெயர் அது. பிரியாணிக் கடைக்காரன் வாயில் வேறு அரைபட வேண்டாம். என் மனைவி ஜரீனா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது போதும்: சொல்லமுடியாதம்மா.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பெயருக்கு அஸ்திவாரம் விழுந்துவிட்டது. புதிதாக வந்தவர் ஆயிற்றே என்று ஒரு தட்டு மட்டன் பிரியாணி மேலே கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் தட்டைக் கழுவித் துடைத்து அவரே எடுத்துவந்தார். ஒல்லி உடம்பு, பருத்திப் புடவை, மூக்கின் பாதியில் நிற்கும் கண்ணாடி.

“எப்டி இருந்துச்சு மேடம்?” என்று கேட்டேன்.

இதற்கெல்லாம் யாராவது யோசிப்பார்களா? அவர் யோசித்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கில் மிச்சமிருந்த ருசியை மறுபடி ஒருமுறை விசாரித்துவிட்டுச் சொன்னார்:

“நல்லா இல்லன்னு சொல்ல முடியாது பாய்.”

அத்தா காலத்திலிருந்து பூந்தமல்லியில் அண்டா ஏற்றுகிற குடும்பம் நாங்கள். ‘சூப்பர்’ என்று தோளில் தட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், ‘காரம் போதாது’ என்று முகம் சுளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பதிலை எந்தப் பக்கம் பிடித்து வாங்குவது என்று தெரியவில்லை. ஜரீனாவிடம் சொன்னேன்.

“பாராட்டுதா, திட்டுதா அந்தம்மா?”

“அதான் எனக்கும் புரியல.”

போகப் போகத்தான் தெரிந்தது, அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். மழை வருமா என்றால் “வராதுன்னு சொல்ல முடியாது.” பேருந்து போய்விட்டதா என்றால் “நான் வந்ததுலேர்ந்து போகல.” அடுத்த தெருக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்கு வரன் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் அந்த அம்மாவின் ஆபீசில் வேலை செய்கிறவன் என்று தெரிந்து விசாரிக்க வந்தார். “பையன் எப்டிம்மா?” என்று கேட்டிருக்கிறார். “கெட்டவன்னு சொல்ல முடியாது” என்று பதில் வந்திருக்கிறது. அந்த வரன் அன்றோடு போயிற்று. அந்தப் பையன் தங்கமான பையன் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அவன் ஆபீசில் எப்படி அந்த அம்மாவின் முகத்தில் விழித்தான் என்று கேள்விப்படவில்லை.

என்ன ஆபீஸ் என்பதிலும் எங்களுக்கு முதலில் ஒரு குழப்பம். “முடி பாக்குற வேலை” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஜரீனா பிடித்துக்கொண்டாள். பியூட்டி பார்லர் என்றே முடிவுசெய்து, பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாடியேறினாள். கொத்துக்கொத்தாக உதிர்கிறது, என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று கேட்டாளாம்.

“எண்ணெய் பத்தி எனக்குத் தெரியாதுங்க. எங்கிட்ட வர்ற முடிக்குப் பின்னால பெரும்பாலும் தலை வர்றதில்ல.”

ஜரீனா படியிறங்கிய வேகத்தில் பின்னலே தானாக முடிந்துகொண்டிருக்கும்.

அரசாங்கத்தின் தடயவியல் கூடத்தில் அவருக்கு வேலை. கொலை நடந்த இடம், திருட்டு நடந்த இடம், இறந்தவர் சட்டை, சந்தேகப்பட்டவன் போர்வை என்று எங்கிருந்தெல்லாமோ போலீஸ்காரர்கள் எடுத்துவரும் ஒற்றை முடிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். மனுஷ முடியா, மிருக முடியா? தானாக உதிர்ந்ததா, பிடுங்கியதா? சந்தேகப்பட்டவன் தலைமுடியோடு ஒத்துப்போகிறதா? பகலெல்லாம் அங்கே பார்த்தது போதாதென்று, எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய ஒரு பழைய நுண்ணோக்கி வீட்டிலும் இருந்தது. சிலர் வீட்டில் தையல் மிஷின் இருக்குமே, அப்படி ஜன்னலோரமாக.

பிரியாணிக் கடையும் முடி பார்க்கிற அம்மாவும் ஒரே கட்டடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒன்று நடந்துதானே ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. கரையான்சாவடிப் பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பையன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், வாங்கிப்போன பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் போன்.

“பாருங்க ஃப்ரெண்ட்ஸ், எவ்ளோ பெரிய முடி! பாய், இதுக்கு இன்னா சொல்றீங்க?”

சோற்றின்மேல் நீளமாக, வெள்ளையாக ஒன்று கிடந்தது. எங்கள் கடையில் மாஸ்டர் முதல் வெங்காயம் உரிப்பவர் வரை தலையில் தொப்பி. அப்படியே விழுந்தாலும் மன்னிப்புக் கேட்டுத் தட்டை மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். அதைத்தான் செய்யப் போனேன். அதற்குள் மூலை மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சொல்லமுடியாதம்மா எழுந்து கைகழுவிவிட்டு வந்தார்.

“தம்பி, இதை நான் கொஞ்சம் பாக்கலாமா?”

“நீங்க யாரு?”

“முடி பாக்குறவங்க,” என்று நான் முந்திக்கொண்டேன். “கவர்மெண்டு! கோர்ட்டே கேக்கும் அவங்க பேச்ச!”

புருவம் திருத்தும் இடுக்கியை ஜரீனாவிடம் வாங்கி, அந்த முடியைக் காகிதத்தில் மடித்து மாடிக்குக் கொண்டுபோனார். பையன் படம் எடுத்தபடியே நின்றான். மொத்தக் கடையும் வாயில் கவளத்தோடு மாடிப்படியைப் பார்த்தது. திரும்பி வந்தவர் சாவதானமாகச் சொன்னார்:

“இது மனுஷ முடி இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தினேன். “கேட்டியா நைனா? எங்க கட ஆளுங்க முடி இல்ல! நல்லா கேட்டுக்கோ!”

“அப்ப இன்னாது?” என்றான் பையன்.

அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யார் காலிலும் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், இருந்திருக்கலாம்.

“பூனை முடி.”

கடையில் ஒரு ஸ்பூன் விழுந்தது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினார். சென்னையில் பிரியாணி விற்கிறவன் காதில் ‘பூனை’ என்ற சொல் எப்படி விழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘ஆட்டுக்கறியா, வேற ஏதாவதா’ என்று கண்ணடித்துக் கேட்காத வாடிக்கையாளன் இன்னும் பிறக்கவில்லை. இப்போது அரசாங்கமே எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் பூந்தமல்லியில் எல்லோர் போனிலும் அது ஓடியது. மறுநாள் ஸ்டாண்டு ஆட்டோக்காரன் குமார் கடையைக் கடக்கும்போது ஹாரன் அடிக்கவில்லை, “மியாவ்” என்றான். அடுத்தடுத்த ஆட்டோக்களும் அதையே பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கூட்டமாக நின்று மியாவ் பாடின. இரண்டாவது அண்டா ஏற்றுவதை நிறுத்தினேன். முதல் அண்டாவிலும் பாதி மிஞ்சியது. எங்கள் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “பாய், நான் ஊருக்கே போறேன். என் பசங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?” என்று கண் கலங்கினார். அதற்குமேல் எனக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தா கட்டிய பெயர் ஒரு வாரத்தில் பூனையோடு ஓடிவிடும் போலிருந்தது.

ஜரீனா சும்மா இருக்கவில்லை. அந்த அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்யும் பெண்ணைப் பிடித்துத் துப்பு வாங்கிவிட்டாள். அந்தப் பையன் வீட்டில் ஒரு பூனை இருக்கிறதாம். புசுபுசுவென்று வெள்ளை முடி, தரைவரை தொங்கும் வால். சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை எல்லாம் அதற்குத்தான் சொந்தமாம்.

இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனேன்.

“மேடம், அவன் ஊட்லயே பூன கீதாம்! வெள்ளப் பூன! அது முடிதான் உளுந்திருக்கு. ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

“பூனைன்னு சொல்வேன் பாய். எந்தப் பூனைன்னு சொல்ல முடியாது.”

“உங்களுக்கே தெரியுதில்ல மேடம்?”

“எனக்குத் தோணுறது வேற, தெரியுறது வேற.”

“என் பொழப்பே போவுது!” குரல் உயர்ந்துவிட்டது. “மனுஷ முடி இல்லன்னதோட நிறுத்திருக்கலாம்ல? யாரு உங்கள பூனைய இழுத்துட்டு வரச் சொன்னது? இப்டியே பண்ணா நீங்க வேற ஊடு பாத்துக்க வேண்டியதுதான்!”

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“காலி பண்ணச் சொன்னா பண்றேன் பாய். அதுக்காக அந்த முடி மாறாது.”

இறங்கி வந்து ஜரீனாவிடம் பொருமித் தீர்த்தேன். அவளோ, “நாளைக்கு நம்ம மேல எவனாச்சும் பொய்க் கேஸு போட்டா இந்தம்மா மாதிரி ஒரு ஆளுதான் வேணும்” என்றாள். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதற்கு நேர் எதிரான ஆள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே இறங்கி வந்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் நுண்ணோக்கியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்து, கல்லா மேஜையில் வைத்தார்.

“பாதி பாத்துச் சொன்னதுக்கு நீங்க கஷ்டப்படக் கூடாது. மீதியையும் எல்லாரும் பாத்துடலாம். அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க.”

பையன் குஷியாக வந்தான். அவனுக்கு இன்னொரு வீடியோ கிடைக்கிறதே! கறுப்பு பனியன் போட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளை வெள்ளையாக முடி. சேதி பரவி வாசலில் ஆட்டோக்காரர்கள்வரை கூடிவிட்டார்கள்.

“முதல்ல மனுஷ முடி எப்படி இருக்கும்னு பாருங்க. யாராவது ஒண்ணு குடுங்க,” என்றார்.

நான் இரண்டடி பின்னால் போனேன். ஜரீனா விடவில்லை. என் தலையிலிருந்து சுருக்கென்று ஒன்றைப் பிடுங்கி நீட்டினாள். முதலில் குனிந்து பார்த்தவன் குமார்.

“நடுவுல பென்சில் கரி மாதிரி மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? அங்கங்க அறுந்து இருக்கும். அதுதான் மனுஷ முடி.”

“தெரியுது மேடம். ஆனா இந்தாண்ட வெள்ளயா கீது, அந்தாண்ட கறுப்பா கீது. நடுவுல பெயிண்டு அடிச்சா மாதிரி ஒரு பார்டர்!”

“அது சாயம் ஏறின இடம். அதுக்கப்புறம் வளந்தது வெள்ளை.”

பள்ளிவாசலில் எல்லோரிடமும் எங்கள் வம்சத்தில் யாருக்கும் நரைக்காது என்று சொல்லிவைத்திருந்தேன். தொழுகைக்கு என் பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அவரும் வரிசையில் நின்று, குனிந்து, நிதானமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

அடுத்து, பிரியாணியில் கிடந்த முடி. நடுவில் பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக இருந்தது. எல்லோரும் ‘ஓ’ என்றார்கள். பிறகு பையனிடம் அனுமதி கேட்டு, ஒட்டும் டேப்பை அவன் தோளில் ஒற்றி எடுத்து, அதிலிருந்து ஒரு முடியை வைத்தார். அதே பாசிமணி. அதே நீளம், அதே வெள்ளை.

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” என்றான் குமார்.

நான் மனசுக்குள் தொழுதுகொண்டிருந்தேன்.

“ஒண்ணு இல்லன்னு சொல்ல முடியாது.”

ஒரே கூச்சல், விசில், மேஜைத் தட்டல். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தை அடக்கப் பார்த்தார். “இருங்க, இருங்க! இந்த மாதிரி பூனை ஊர்ல எத்தனையோ இருக்கும். இந்தத் தம்பி வீட்டுப் பூனைதான்னு நான் சொல்லல. தெருவுல திரியுற குட்டை முடிப் பூனையோடது இல்ல. அவ்வளவுதான் சொல்றேன்!”

யார் கேட்டார்கள்? போதாததற்கு ஜரீனா கல்லாவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்:

“ஏன் தம்பி, உங்க பூன என்ன வெல?”

பையன் பெருமை மறக்காமல் ஒரு தொகை சொன்னான். முழு ஆட்டு விலையைவிடக் கூடுதல்.

“அவ்ளோ வெல குடுத்துப் பூன வாங்கி, வெட்டி, இந்த வெலைக்குப் பிரியாணி போட்டா எங்களுக்குக் கட்டுமாப்பா?”

அதற்குப் பிறகு யாருக்கும் நுண்ணோக்கி தேவைப்படவில்லை. குமார் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலம் எல்லோர் போனிலும் இந்த வீடியோ ஓடியது. மறுநாள் இரண்டாவது அண்டா ஏறியது, மாஸ்டர் கரண்டியை எடுத்தார். இப்போது ஆட்டோக்கள் அந்தப் பையனைப் பார்த்து மியாவ் என்றன. அதை அந்த அம்மா தாங்கவில்லை. ஸ்டாண்டுக்கே போய் நின்று, “அந்தத் தம்பி பொய் சொன்னான்னு யார் சொன்னது? நான் சொன்னேனா?” என்று குமாரை அதட்டிவிட்டு வந்தார்.

எனக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு அடங்கவில்லை. எல்லாம் சரியான பிறகு ஒருநாள் கேட்டேன். “மேடம், அன்னிக்கு ‘அதே பூன’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?”

அவர் சாப்பிட்டதற்குக் காசை எண்ணி வைத்துவிட்டு மாடியேறிவிட்டார். அந்தப் பதிலை வேறொருவர் சொன்னார்.

மாதத்துக்கு ஒருமுறை ஓர் அம்மாள் அவரைப் பார்க்க வருவார். திருமழிசையிலிருந்து பேருந்து ஏறி, பையில் முருங்கைக்கீரையோ அவரைக்காயோ எடுத்துக்கொண்டு. சொந்தக்காரர் என்றே நினைத்திருந்தோம். ஒருமுறை அவர் வந்தபோது மாடி பூட்டியிருந்தது. ஜரீனா கடைக்குள் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, “நீங்க மேடத்துக்கு அக்காவா?” என்று கேட்டாள்.

“அக்காவுமில்ல, தங்கச்சியுமில்ல. எம் பொண்ணு கேஸுல இவதான் முடி பாத்தா.”

தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய மகளை யாரோ கொன்றுவிட்டார்கள். மகளின் மூடிய கையில் ஒரு முடி இருந்தது. வேர் இல்லாத, அறுந்த முடி. வேர் இருந்திருந்தால் வேறு சோதனைகூடச் செய்து பார்த்திருக்கலாமாம். போலீஸ் ஒருவனைப் பிடித்தது. அவன் தலைமுடியும் கையில் கிடைத்ததும் ஒன்றா என்று கோர்ட்டில் கேட்டார்கள்.

“ஒத்துப்போவுதுன்னு சொன்னா இவ. அவன்துதானான்னு வக்கீலு முட்டிகினாரு. அத சொல்ல முடியாதுன்னுட்டா. வேற சாட்சி இல்ல. அவன் வெளிய வந்துட்டான்.”

ஜரீனா என்னைப் பார்த்தாள். நான் கல்லாவைப் பார்த்தேன்.

“கோவம் வரலியா ஒங்களுக்கு?” என்று கேட்டேன்.

“வராத இன்னா? கோர்ட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்துனேன். அப்போ இவ இருந்த ஊட்ட கண்டுபுடிச்சிப் போயி தெருவே கேக்கறா மாதிரி கத்துனேன். கதவத் தொறந்து, உள்ள வந்து கத்துங்கம்மான்னா இவ.”

“அவன்தானா அது?”

“தெர்ல பாய்.” டம்ளரைக் கீழே வைத்தார். “போலீஸு அவன்தான்னான், வக்கீலு அவன்தான்னாரு, ஊரே அவன்தான்னுச்சி. சொல்லிட்டு அல்லாரும் ஊட்டுக்குப் போய்ட்டாங்க. ஒருத்தன் திரும்பி வந்து எட்டிப் பாக்கல. தெரியாதுன்னு சொன்னா பாரு இவ, இவ ஒருத்திதான் இன்னும் எங்கூட குந்திகினு கீறா.”

அதற்குள் சொல்லமுடியாதம்மா வந்துவிட்டார். இருவரும் மாடிக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன்.

மாடிப்படியின் மேல்படியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த படியில், அவர் முழங்கால்களுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் மேடம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். அந்த அம்மாள் அவர் தலையைப் பரபரவென்று தேய்த்துச் சீப்பால் இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, மெதுவா. வலிக்குது.”

“சும்மா குந்து. ஊரான் முடியெல்லாம் பாக்குற. உன் தலய பாரு, காக்கா கூடு மாரி கீது.”

நான் தட்டுகளோடு அப்படியே நின்றேன். என்னை இருவரும் கவனிக்கவில்லை. சீப்பில் ஒரு முடி சிக்கி வந்தது. பாதி நரைத்த, நீளமான முடி. மேடத்தின் கை தானாகப் பின்னால் போய் அதை எடுத்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

அந்த அம்மாள் அவர் கையில் பட்டென்று ஓர் அடி போட்டார்.

“கீய போடு அத.”

மேடம் சிரித்துக்கொண்டே கீழே போட்டார்.